பிரதேச ராணுவமும் நம் கிராமங்களும்

(ஊராட்சித் தலைவர்களும் இளைஞர் மன்றத்தினரும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்முகாமில் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் கூட்டுறவுக் கடனைப் பற்றியும் பேசினோம். இவற்றிற்கிடையே ராணுவத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எல்லையைக் காப்பது டெல்லியில் உள்ளவர்களின் பொறுப்பு, கிராமத்தில் உள்ள நமக்கு அதில் என்ன பங்கு என்ற நினைப்பு இயற்கையானதே. ஆயினும் நம் நாட்டில் ஒரு சேனை இருக்கிறது. அதன் வீரர்கள் அமைதிக் காலத்தில் நம்மைப் போலவே வயலில் உழுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், ஆலையில் வேலை செய்கிறார்கள். அழைப்பு வரும்போது சீருடை அணிந்து நாட்டுக்காக நிற்கிறார்கள். கடமை முடிந்ததும் பழைய தொழிலுக்கே திரும்புகிறார்கள். இதற்குப் பிரதேச ராணுவம் என்று பெயர். டெரிட்டோரியல் ஆர்மி என்று சொன்னால் பலருக்கு எளிதில் விளங்கும்.

அரசுக்கு உரிய ஆறு உறுப்புக்களை எண்ணிச் சொன்ன வள்ளுவர், முதலில் சேனையையும் அடுத்து மக்களையும் மூன்றாவதாக உணவையும் வைத்தார். பிரதேச ராணுவத்தில் சேர்ந்த ஓர் உழவனிடம் இந்த மூன்றும் ஒன்று சேர்கின்றன. அவனே சேனை, அவனே குடிமகன், உணவை விளைவிப்பவனும் அவனே. ஆகவே அவன் ஊரை விட்டுச் செல்லும்போது அவனுடைய வயல் என்னாகும் என்ற கேள்வி நாட்டுப் பாதுகாப்போடு சேர்ந்த கேள்வியாகும். இன்று நாம் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

அந்நிய ஆட்சியில்

ஏரையும் ஆயுதத்தையும் ஒரே கையில் பிடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பாளையக்காரர் காலத்தில் நிலத்தை உழுதவர்களே வேண்டும்போது வேலும் வாளும் ஏந்தினர். ஊர்க் காவலும் ஊராரின் கையிலேயே இருந்தது. 1801-இல் பாளையக்காரர்களின் கிளர்ச்சி அடக்கப்பட்டதும் ஆங்கிலேயர் கோட்டைகளை இடித்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் சென்னை கவர்னர் விடுத்த பிரகடனம், மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதிலும் இந்நிலையை உறுதிப்படுத்தியது. ஒரு நாட்டின் மக்களுக்கு ஆயுதப் பழக்கம் இல்லாமற் போனால் அவர்களுக்குத் தன்னம்பிக்கையும் குறைந்துவிடும் என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

1857-இல் வடக்கே பெருங்கிளர்ச்சி எழுந்தபோது, இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் தொண்டர் படைகளை அமைத்துக்கொண்டனர். சென்னையிலும் அத்தகைய படை ஒன்று தோன்றியது. தத்தம் தொழிலைக் கவனித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் துப்பாக்கிப் பயிற்சி பெறுவது அவர்களின் முறை. இப்படைகளின் நோக்கம் இந்தியரிடமிருந்து ஆட்சியைக் காப்பதாகவே இருந்தது.

முதல் உலக யுத்தத்தின்போது ஆட்கள் போதவில்லை. ஆகவே 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படை என்ற ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதில் ஐரோப்பியர் கட்டாயமாகச் சேர வேண்டும். இந்தியர் விரும்பினால் சேரலாம். யுத்தம் முடிந்த பின்னர், 1920-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஒரு சட்டத்தின்கீழ் துணைப்படை. இந்தியருக்கு மற்றொரு சட்டத்தின்கீழ் இந்தியப் பிரதேசப் படை. நாடு ஒன்று, காக்க வேண்டிய எல்லையும் ஒன்று. ஆனால் காப்பவர்களைத் தோலின் நிறம் பார்த்து இரண்டாகப் பிரித்தனர். இந்த வேற்றுமையைப் பொதுமக்களின் பிரதிநிதிகள் கண்டித்தனர். இது பற்றி ஆராய ஜெனரல் ஷியாவின் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

இக்குறைகளுக்கிடையிலும் அப்படை பயன் தந்தது. கல்லூரி மாணவர்களுக்கான பல்கலைக்கழகப் பயிற்சிப் படை அச்சட்டத்தின் நிழலிலேயே வளர்ந்தது. 1948-இல் தோன்றிய தேசிய மாணவர் படைக்கு முன்னோடி அதுவே. தமிழர்களாகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சென்னை ரெஜிமெண்டின் முறையான பட்டாலியன்களை 1920-களில் ஆங்கில அரசாங்கம் கலைத்துவிட்டது. தென்னாட்டார் போருக்கு ஏற்றவர்களல்லர் என்ற கருத்து அப்போது மேலிடத்தில் இருந்தது. ஆனால் அந்த ரெஜிமெண்டின் பிரதேசப் பட்டாலியன்கள் நிலைத்து நின்றன. இரண்டாம் உலக யுத்தத்தில் சென்னை ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தபோது, அதற்கு அடித்தளமாக உதவியவை இவை. பகுதி நேர வீரர்கள் காப்பாற்றி வைத்திருந்த வித்திலிருந்து ஒரு முழுச் சேனை மறுபடியும் முளைத்தது.

சுதந்திரத்திற்குப் பின்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, அதாவது 1948-இல், பிரதேச ராணுவச் சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதியன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி அப்படையை முறைப்படித் தொடங்கிவைத்தார். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். ஆண்டுதோறும் அக்டோபர் 9-ஆம் தேதியே பிரதேச ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது. விழிப்பும் வீரமும் என்பது அப்படையின் குறிக்கோள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கிராமத்தானின் கையிலிருந்து பிடுங்கிய ஆயுதத்தைச் சுதந்திர அரசாங்கம் அவனை நம்பி அவனிடமே மீண்டும் தந்தது. எந்த மாநிலத்தார், எந்தச் சாதியார், எந்த மதத்தார் என்ற வேற்றுமை இதில் இல்லை. பெண்களும் பின்னர் இதில் இடம் பெற்றனர். துறைசார் பிரிவுகளில் பெண் அதிகாரிகள் பணியாற்றத் தொடங்கினர். பிரதேச ராணுவத்தில் சேரப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

இதே காலத்தில் கிராமங்களை நோக்கியே வந்த மற்றொரு முயற்சியையும் நாம் மறக்கலாகாது. 1955-இல் லோக சகாயக் சேனை என்ற திட்டம் தொடங்கப்பட்டது. கிராமப் பகுதிகளில் முகாம் அமைத்து, 18 முதல் 40 வயது வரையுள்ள ஆண்களுக்கு 30 நாள் பயிற்சி தருவது அத்திட்டம். ஐந்தாண்டுகளில் ஐந்து லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள். பயிற்சி பெற்றவர் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒழுங்கு, சுகாதாரம், கூட்டு உழைப்பு இவற்றைக் கற்பதே போதும் என்று கருதினர். அத்திட்டம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. எனினும் கிராமத்தானுக்குப் பயிற்சி தேவையானால் பயிற்சிதான் அவனைத் தேடிவர வேண்டும் என்ற அதன் எண்ணம் நல்லது.

அமைப்பும் கடமையும்

பிரதேச ராணுவத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்வோம். முறையான ராணுவத்தை நிலையான கடமைகளிலிருந்து விடுவிப்பது, இயற்கைச் சீற்றத்தின்போதும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத பணிகள் தடைப்படும்போதும் சிவில் அதிகாரிகளுக்கு உதவுவது, தேவையானால் முறையான ராணுவத்திற்குப் பட்டாலியன்களைத் தருவது ஆகியவை இதன் கடமைகள். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் முதலியவற்றின் ஊழியர்களைக் கொண்ட துறைசார் பிரிவுகள் ஒரு வகை. முறையான ராணுவ ரெஜிமெண்டுகளோடு இணைந்த காலாட்படைப் பட்டாலியன்கள் மற்றொரு வகை. சென்னை ரெஜிமெண்டைச் சேர்ந்த 110-வது பட்டாலியன் கோயம்புத்தூரில் இருக்கிறது. கார்ட்ஸ் பிரிவைச் சேர்ந்த 117-வது பட்டாலியன் திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது.

சட்டத்தை இயற்றியவர்கள் நகரத்தான் வாழ்வும் கிராமத்தான் வாழ்வும் வேறு என்பதை உணர்ந்திருந்தார்கள். ஆகவே நகரப் பிரிவுகள் என்றும் மாகாணப் பிரிவுகள் என்றும் இரண்டாக வகுத்தார்கள். நகரத்தில் உள்ளவன் மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சிக்குப் போய்வரலாம். கிராமத்து உழவனுக்கு அது இயலாது. அவனுக்காக ஆண்டில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரே தொடர்ச்சியாக முகாமில் பயிற்சி தரும் முறையை ஏற்படுத்தினார்கள். காலாட்படைப் பிரிவுகளில் ஆண்டுப் பயிற்சி இரண்டு மாதம். பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் நாட்களுக்கு முறையான ராணுவ வீரனுக்கு உள்ள சம்பளமும் படிகளும் உண்டு.

யுத்தத்திலும் வெள்ளத்திலும்

1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் யுத்தங்களில் பிரதேச ராணுவப் பிரிவுகள் பணியாற்றின. தொடக்கத்தில் இப்படையில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவுகளும் பொறியியல் பிரிவுகளும் செய்தித்தொடர்புப் பிரிவுகளும் இருந்தன. பின்னர், 1972-க்குள், அவற்றில் பல முறையான ராணுவத்தோடு சேர்க்கப்பட்டன, அல்லது கலைக்கப்பட்டன. இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையின் பணியிலும் பிரதேச ராணுவத்தினர் பங்கு கொண்டனர். ஜம்மு காஷ்மீரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பல பட்டாலியன்கள் நீண்ட காலம் பணியில் இருந்துள்ளன.

இயற்கைச் சீற்றம் வரும்போதும் இவர்களே வருகிறார்கள். உத்தரகாசியிலும் லாத்தூரிலும் பூகம்பம் நேர்ந்தபோதும், 1999-இல் ஒரிசாவைப் பெரும்புயல் தாக்கியபோதும் இவர்கள் மீட்புப் பணி செய்தனர். 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மூடியது. அன்றே அங்கு விரைந்தவர்களுள் கேரளத்தின் 122-வது பிரதேசப் பட்டாலியன் வீரர்களும் இருந்தனர். அண்டை மாவட்டங்களின் மழையையும் மலைப்பாதையையும் நன்கு அறிந்தவர்கள் அவர்கள். தன் நாட்டுப்புறத்தைத் தான் அறிந்திருப்பது பிரதேச வீரனின் தனிப் பலம்.

மரம் நடும் சேனை

கிராம வளர்ச்சியில் அக்கறையுள்ள நமக்கு இப்படையின் இன்னொரு பகுதி மிகவும் உவப்பானது. சூழலியல் பணிப் பிரிவுகள் என்ற பட்டாலியன்கள் உள்ளன. அவற்றின் வேலை மரம் நடுவது, மண் அரிப்பைத் தடுப்பது, நீரைத் தேக்குவது. முதற்பிரிவு 1982-இல் தோன்றியது. சுண்ணாம்புக்கல் வெட்டியதால் மொட்டையாகிப்போன மசூரி மலைகளில் அது வேலையைத் தொடங்கியது. ஓய்வு பெற்ற கார்வால் பகுதி வீரர்கள் தங்கள் மலையிலேயே மீண்டும் அணிவகுத்து நின்று செடி நட்டார்கள். அடுத்து ராஜஸ்தானத்தில் இந்திரா காந்தி கால்வாயை மணல் மூடாதபடி காக்க ஒரு பிரிவு ஏற்பட்டது. டெல்லியில் பாட்டி சுரங்கப் பகுதியிலும், ஹிமாசலத்திலும், அஸ்ஸாமிலும், 2017-இல் வறட்சி மிகுந்த மராத்வாடாவிலும் இத்தகைய பிரிவுகள் வந்தன.

இவர்கள் வெற்றி பெற்ற முறையை நாம் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் விழா நடத்தி மரம் நடுகிறோம். மறு ஆண்டு அதே குழியில் மீண்டும் நடுகிறோம். அவர்களோ நட்ட செடிக்கு நீர் ஊற்றுவதையும் வேலியிடுவதையும் ஆடு மாடு மேயாமல் காப்பதையும் ராணுவக் கடமையாகவே செய்கிறார்கள். அந்தந்த ஊராரையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் ஏரிக்கரையில் பனை நட நினைக்கும் ஊராட்சிகள், ஊரில் ஓய்வு பெற்றுள்ள படைவீரர்களை அழைத்துப் பொறுப்புக் கொடுத்தால் நல்ல பயன் விளையும்.

வேலை என்று எண்ணிச் சேரலாமா?

இளைஞர் மன்றத்து நண்பர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரதேச ராணுவத்திற்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும், வேலை தேடும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். அவர்களின் ஆர்வத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் இது முழுநேர உத்தியோகம் தரும் அமைப்பாக ஏற்பட்டதன்று. முன்பே தனக்கென்று ஒரு தொழிலோ வருவாயோ உள்ளவன் நாட்டுக்குத் தன் காலத்தில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 18 முதல் 42 வயது வரை சேரலாம். ஆண்டு முழுவதும் சம்பளம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பணிக்கு அழைக்கப்பட்ட காலத்தையே ஓய்வூதியத்திற்குக் கணக்கிடுவார்கள். ஆகவே இதை நம்பி நிலத்தை விற்பதும், கைத்தொழிலை விடுவதும், சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும் தரகரிடம் பணம் கொடுப்பதும் பெரும் தவறு. ஆட்சேர்ப்புக்குத் தரகர் கிடையாது. ஐயம் உள்ளவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளியலாம்.

பகுதி நேரம் என்ற சொல்லையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் கொலைகள் நடந்ததைத் தொடர்ந்து எல்லையில் போர்ச்சூழல் மூண்டது. மே 6-ஆம் தேதியிட்ட அறிவிக்கையின் மூலம், பிரதேச ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்கும் அதிகாரம் ராணுவத் தலைமைத் தளபதிக்குத் தரப்பட்டது. 32 காலாட்படைப் பட்டாலியன்களுள் 14-ஐ நாட்டின் பல பகுதிகளிலும் பணியில் அமர்த்த அனுமதி கிடைத்தது. சேரும்போது கையெழுத்திட்டவன், அழைப்பு வந்தால் போயே ஆக வேண்டும். அது நாற்று நடும் நாளா, அறுவடை நாளா என்று அழைப்பு பார்ப்பதில்லை.

கிராமம் செய்ய வேண்டியது

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவன் பிரதேச ராணுவப் பணிக்குச் சென்றால், திரும்பி வந்ததும் அவனை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டமே விதித்திருக்கிறது. அவனுடைய சேமநிதி உரிமையும் காக்கப்படுகிறது. ஆனால் சொந்த நிலத்தை உழுபவனுக்கு முதலாளி யார்? அவன் இல்லாத நாட்களில் அவன் வயலுக்கு நீர் பாய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்ல முடியும்? களை எடுக்கச் சொல்லியும் கதிர் அறுக்கச் சொல்லியும் எந்த நீதிமன்றம் ஆணையிட முடியும்? சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில் ஊரார்தான் நிற்க வேண்டும்.

இது நமக்குப் பழக்கமில்லாத காரியமன்று. குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரியைத் தூர் எடுத்தவர்கள் நம் முன்னோர். இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான் என்று மாற்றாளாக உழைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னமும் இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பிய ஊர் அது. பிள்ளைகள் எல்லையில் இருக்கும்போது ஊர்க் காரியங்கள் நடக்க வேண்டுமானால், இருப்பவர்கள்தாம் அவற்றைச் சேர்ந்து சுமக்க வேண்டும்.

ஆகவே ஊராட்சித் தலைவர்களுக்குச் சில யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, உங்கள் ஊரில் பிரதேச ராணுவத்தில் இருப்பவர் எவர் என்பதை அறிந்து வையுங்கள். அவர் புறப்படும் நாளில் நீர் முறை, உழவு, அறுவடை இவற்றை யார் யார் பார்ப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் கூடி முடிவு செய்யலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

இரண்டாவது, வீட்டுப் பெண்களின் கையில் அதிகாரம் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு கணவன் பெயரில் மட்டும், கூட்டுறவுச் சங்கக் கடன் கணவன் கையெழுத்தில் மட்டும், பயிர்க் காப்பீட்டின் கெடு நாள் கணவனுக்கு மட்டுமே தெரியும் என்ற நிலையில் அவன் எல்லைக்குப் போய்விட்டால், மனைவி திகைத்து நிற்பாள். இவற்றை முன்பே சீர்செய்து வைக்க உங்கள் ஊர்ச் சுய உதவிக் குழுக்கள் உதவ முடியும்.

மூன்றாவது, பயிற்சி பெற்றுத் திரும்பியவரை ஊர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். முதலுதவி, கயிறு கட்டி ஆற்றைக் கடத்தல், கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை அவருக்குத் தெரியும். வடகிழக்குப் பருவ மழைக்கு முன் ஊர் இளைஞர்கள் பத்துப் பேருக்கு அவர் இரண்டு நாள் பயிற்சி தந்தால், வெள்ளம் வரும்போது வெளியிலிருந்து உதவி வரும் வரை ஊர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. அக்டோபர் 2-ஆம் தேதி காந்தியடிகளின் பிறந்த நாளில் கிராம சபை கூடுகிறது. அதிலிருந்து ஒரு வாரத்தில் பிரதேச ராணுவ தினம் வருகிறது. அந்தக் கிராம சபையிலேயே, நம் ஊரிலிருந்து நாட்டுக் கடமைக்குச் செல்பவரின் நிலம் தரிசாகக் கிடக்க விடமாட்டோம் என்று ஊரார் தீர்மானம் செய்யலாம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவதோடு நிற்காமல், எந்த வயலுக்கு எவர் பொறுப்பு என்பதையும் அதனடியில் எழுத வேண்டும்.

பனி மூடிய மலையில் காவல் நிற்கும் வீரனுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் இரண்டு செய்திகள் போதும். வீட்டில் எல்லோரும் நலம், வயலில் நாற்று நட்டாயிற்று. அந்த இரண்டாவது செய்தியை அவனுக்கு அனுப்பும் பொறுப்பு ஊராராகிய நம்முடையது. இதைச் செய்வதாக உறுதி கொண்டு நாம் ஊர் திரும்புவோமாக.